சுத்தமான வெட்டு

பஸ் ஓட்டி ஓய்ந்தவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆயிற்று. சர்க்கரை நோய் இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. "காலை எடுத்த டாக்டரால பேரை எடுக்க முடியலயே" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அந்தச் சிரிப்பெல்லாம் இல்லை. முப்பத்தோரு வருஷம் ஒரு பஸ் நிறைய ஆட்களை முதுகுக்குப் பின்னால் வைத்து ஓட்டியவர், கக்கூசுக்குப் போக மனைவியின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். சோறு வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். செயற்கைக் காலை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார். அப்படியிருந்த ஒரு நாளில்தான் பத்தாம் நம்பர் ஒரு காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹாரனை விடாமல் அடித்தான்.

பத்தாம் நம்பர் என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். டிப்போவில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில் யாருக்கு எப்போது பத்தாம் நம்பர் ஸ்பானர் காணாமல் போனாலும் அது அவன் சட்டைப் பையில் இருக்கும். டிப்போவை விட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்ட பிறகும் பெயர் அவனோடு போயிற்று.

"ஆட்டோமேட்டிக் டிரைவரே. கிளட்சே கிடையாது" என்றான் அன்றைக்கு. "இடது காலுக்கு இந்த வண்டியில உத்தியோகமே இல்ல. வலது கால் இருக்குல்ல? வந்து உட்காரு."

கார் பழையது. பதினெட்டு வயசு. கதவின் ஓரமெல்லாம் துரு, மேல்கூரையில் வெயில் தின்ற பெயிண்ட். ஆனால் அதில் ஏறி உட்கார்ந்து, லீவரை டி-க்கு இழுத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக நகர்ந்தபோது டிரைவர் அழுதுவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்த பத்தாம் நம்பர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். மறுநாளே செயற்கைக் கால் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. மனைவியைக் கடைக்கு அழைத்துப் போனார், தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் அழைத்துப் போனார், ஒன்றுமில்லாவிட்டால் ஏரிக்கரை வரை போய் சும்மா ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

அப்பேர்ப்பட்ட வண்டிதான் ஒரு திங்கட்கிழமைக் காலையில் நின்றது. எஞ்சின் கிளம்பியது. பின்னால் எடுக்க லீவரை ஆர்-க்கு இழுத்தார். வெந்நீர் அண்டாவில் கரண்டியை விட்ட மாதிரி அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்தது. டி-க்குத் தள்ளினார். அதே லொடலொடப்பு. லீவர் எங்கே போனாலும் எதிரே டயலில் பார்க்கிங் எழுத்தான 'பி' மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

பத்தாம் நம்பர் வந்து அடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து வந்து கையைத் துணியில் ரொம்ப நேரம் துடைத்தான்.

"கியர் கேபிள் போயிடுச்சு. லீவர்ல இருந்து கியர்பாக்ஸுக்குப் போற கேபிள். நீ மேல என்ன ஆட்டினாலும் கீழ சேதி போகல."

"சரி, மாத்து."

"மாத்தறதுக்குச் சாமான் வேணும்ல? இந்த மாடல் நின்னு எத்தன வருஷம் ஆச்சு? தேடித்தான் பார்க்கணும்."

"தேடு. நானும் தேடறேன்."

அதற்குப் பிறகு நாற்பது நாள். டிரைவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகப் போன் போட்டார். வண்டியின் மாடல், வருஷம், கேபிளின் நீளம் என்று பாடம் ஒப்பிப்பார். "இல்லீங்க" என்று வரும். ஒரு கோடு போட்டு அடுத்த நம்பர். பத்தாம் நம்பரிடம் கேட்டால் "சொல்லி வச்சிருக்கேன் டிரைவரே, நமக்குன்னு ஒண்ணு பொறந்துதான் வரணும்" என்பான். தினமும் காலையில் பேட்டரி செத்துவிடக் கூடாது என்று டிரைவர் போய்க் காரில் உட்கார்ந்து பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுவார். நிற்கிற வண்டியில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். டீயைக் கொண்டுவந்து கார் ஜன்னல் வழியாகக் கொடுப்பாள்.

"இன்னைக்கு எதுவும் கிடைச்சுதா?"

"ஒருத்தன் சாயங்காலம் சொல்றேன்னிருக்கான்."

"கிடைக்கும். குடிங்க, ஆறிடப் போகுது."

மகள் வெளியூரில் குடும்பமாக இருந்தாள். ஞாயிறுதோறும் போனில் வருவாள். அவளும் கேட்பாள். "அப்பா, கேபிள் கிடைச்சுதா?" கேட்டுவிட்டு, பதிலுக்கு அவர் சொல்கிற கதையை முழுக்கக் கேட்பாள். முன்பெல்லாம் இரண்டு நிமிஷத்தில் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறவள். கார் நின்றதில் ஒரு நல்லதும் இருக்கிறது என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

முப்பத்தெட்டாம் நாள், ஊருக்கு அந்தப் பக்கம் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற ஒரு காயலாங்கடைக்காரர், "அந்த மாடல் ஒண்ணு மொத்தமா நசுங்கி வந்திருக்கு. முன்பக்கம் போச்சு. நடுவுல எல்லாம் நல்லா இருக்கு" என்றார். டிரைவர் இரண்டு பஸ் மாறிப் போனார். கூட்டத்தில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. பேன்ட்டுக்குள் இருக்கிற கால் எந்தக் கால் என்று யாருக்குத் தெரியும்? திரும்பி வரும்போது கேபிளைச் சுருட்டிச் செய்தித்தாளில் கட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"கிடைச்சுடுச்சு!" என்றார் வாசலிலேயே.

மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை இரண்டு தடவை உதறினாள். "நல்லதாப் போச்சுங்க" என்றாள்.

பத்தாம் நம்பருக்குப் போன் போட்டார். எந்தக் கடை, எந்த வண்டி என்று அவன் கேட்டான். பிறகு, "அட, ஆளு கெட்டிக்காரன்தான். அடுத்த வாரம் வந்து மாட்டறேன்" என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டு, மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது, பதினைந்து நாள் ஆகும் என்றான்.

"உன் மணிக்கட்டு சுளுக்கினா என் மணிக்கட்டு நல்லாத்தானே இருக்கு? நானே மாட்டிக்கறேன்."

"டிரைவரே, அடியில படுக்கணும். உன்னால ஆகாது."

அந்த 'உன்னால ஆகாது' போதும். நாற்பதாம் நாள் காலையில் அவர் வேலையில் இறங்கினார்.

ராத்திரி பெய்த மழையில் தரை ஈரமாக இருந்தது. கூரை ஓரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி இட்லிப் பானை கழுவப் போகிறேன், துணி ஊறுகிறது என்று நாலு சாக்கு சொல்லிப் பார்த்தாள்.

"அவர் வந்தே மாட்டட்டுமே. என்ன அவசரம்?"

"நாப்பது நாள் ஆச்சு. இதுக்கு மேல என்ன நிதானம்? டார்ச்சைப் பிடி."

முதலில் உள்ளே. லீவரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். திருகுகளை ஒரு சாசரில் போட்டு மனைவியிடம் கொடுத்தார். மூடிக்கு அடியில் பழைய ரொட்டித் தூள், ஒரு சீப்பு, மகளுடைய தோட்டின் திருகாணி. லீவரின் காலில் ஒரு சின்ன முளை. அதில்தான் கேபிளின் காது மாட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினார். 'டப்'பென்று கழன்றது. கேபிளைப் பிடித்திருந்த கிளிப்பை எடுத்தார், தரையில் அது இறங்குகிற துளையிலிருந்து ரப்பர் அடைப்பைத் தள்ளிவிட்டார். கீழே ஈரத் தரை தெரிந்தது.

"இனி கீழ. ஜாக்கியைச் சுத்து."

மனைவி சுற்றினாள். முன்பக்கம் தூக்கியதும் இரண்டு பக்கமும் இரும்பு முக்காலிகளை வைத்தார். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். காரைக் கையால் உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. செயற்கைக் காலைக் கழற்றி வாசல்படியில் வைத்துவிட்டு, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தார்.

"நீ டிரைவர் சீட்ல உட்காரு. நான் சொல்றப்ப பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லீவரை நகர்த்தணும். சொல்றப்ப மட்டும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். மேலே சீட்டு ஒரு தடவை முனகியது.

கேபிள் சைலன்சர் குழாய்க்கு மேலே ஓடி கியர்பாக்ஸ் பக்கம் போயிற்று. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையால் தடவிக்கொண்டே போனார். நடுவில் ஒரு இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இது என்ன புதுசாக? டேப்பின் நுனி உள்பக்கம் மடித்து ஒட்டியிருந்தது. மறுபடி பிரிக்கிறவனுக்கு நகம் கொடுக்க வசதியாக அப்படி மடித்து ஒட்டுகிற ஆள் டிப்போவிலேயே ஒருத்தன்தான் இருந்தான்.

டிரைவர் பிரித்தார்.

கேபிள் தானாக அறுவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு இழையாகத் தேய்ந்து, துருப்பிடித்து, கடைசி நாலு இழை தாங்காமல் போய், நுனி பழைய துடைப்பம் மாதிரி ஆளுக்கொரு நீளத்தில் விரிந்து நிற்கும். இது அப்படி இல்லை. மேல் உறையும் உள்ளே இருந்த கம்பியும் ஒரே மட்டத்தில் நின்றன. கம்பியின் நுனி கட்டரின் பல் பட்டுக் கொஞ்சம் தட்டையாகி, புதுக்காசு மாதிரி மின்னிற்று. துரு இல்லை. தேய்மானம் இல்லை. சுத்தமான வெட்டு.

அதைப் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே கிடந்தார். முதலில் யாரோ திருடன், யாரோ எதிரி என்றுதான் மனசு ஓடியது. எதிரி வந்து டேப் சுற்றிவிட்டா போவான்? வண்டி நின்றதற்கு முந்தின நாள் ஞாயிறு. பத்தாம் நம்பர் டீ குடிக்க வந்திருந்தான். "ஆயில் கசியுற மாதிரி இருக்கு, ஒரு பார்வை பார்க்கறேன்" என்று அடியில் படுத்தான். டிரைவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிப்போ கதை பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. அடுப்பங்கரைப் பலகை ஆடுகிறது, வந்து ஒரு ஆணி அடித்துவிட்டுப் போங்கள் என்று. போனார். பலகை அப்படியொன்றும் ஆடவில்லை. இருந்தாலும் அடித்தார்.

வாயிலிருந்து டார்ச்சை எடுத்தார்.

"ஏய்."

"ம். லீவரை நகர்த்தவா?"

"அன்னைக்கு எதுக்கு என்னை ஆணி அடிக்கக் கூப்பிட்ட?"

ரப்பர் எடுத்த துளை வழியாக அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. அவள் மிதித்துவைத்திருந்த பிரேக் மிதி மெதுவாக மேலே எழும்பி 'டக்'கென்று நின்றது.

"கேக்குறேன்ல?"

"தெரிஞ்சுபோச்சா" என்றாள்.

கேள்வியும் இல்லை, அழுகையும் இல்லை. உலையில் அரிசி வெந்துவிட்டதா என்கிற மாதிரி ஒரு குரல்.

"யாரு யோசனை? அவனா, நீயா?"

"நான்தான். அவர் முதல்ல மாட்டேன்னுதான் சொன்னார். ரெண்டு தடவ திருப்பி அனுப்பினார். மூணாவது தடவ நான் அவர் பட்டறையில உட்கார்ந்து அழுதேன்."

"எதுக்கு?"

"அந்த ஆளை மறந்துட்டீங்களா? மருந்துக்கடை முக்குல. வாக்கர் பிடிச்சுக்கிட்டு ஒரு பெரியவர். வலது பக்கத்துல இருந்து வந்தாரு. நான் கத்தலேன்னா அவர் மேலயே ஏத்தியிருப்பீங்க."

"பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"பார்க்கல. உங்களுக்கே தெரியும், பார்க்கல." இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்து என்ன சொன்னீங்க? கொஞ்சம் மங்கல், வயசுக்கு இதெல்லாம் சகஜம்னு சொன்னீங்க. நான் போன் பண்ணிக் கேட்டேன். வலது பக்கம் பாதிப் பார்வை போயிடுச்சு, இனிமே ஸ்டியரிங் பிடிக்கவே கூடாதுன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாராமே? ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

மறைத்தது தான்தான் என்பதாலேயே டிரைவருக்குக் கோபம் கூடியது.

"சொல்லியிருக்க வேண்டியதுதானே? என் கையைப் பிடிச்சு, ஓட்டாதீங்கன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"எத்தன தடவ சொன்னேன்! ஒவ்வொரு தடவையும், 'முப்பத்தோரு வருஷம் ஓட்டினவன்கிட்ட சொல்ல வந்துட்டா'ன்னு சாவியை எடுத்துக்கிட்டுப் போனீங்க. சாவியை ஒளிச்சு வச்சா இன்னொண்ணு செஞ்சுப்பீங்க. வேற என்ன பண்றது? நீங்க ஒருத்தரை அடிச்சுப் போட்டுட்டு ஜெயில்ல போய் உட்கார்ற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கவா?"

"மகளுக்கும் தெரியுமா?"

மேலே சீட்டு மறுபடி முனகியது. அதுவே பதில்.

ஞாயிறுதோறும் அந்தப் பெண் "கேபிள் கிடைச்சுதாப்பா" என்று கேட்டு, அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டது டிரைவருக்கு ஞாபகம் வந்தது. காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் இப்போது திரும்பி வந்து சுருக்கென்று குத்தியது.

"வெட்டினது கூடப் போகட்டும்" என்றார் மெதுவாக. "ஒரு இரும்புக் கம்பி. இன்னைக்கு அறுந்தா நாளைக்கு மாட்டிக்கலாம். நாப்பது நாள், நான் ஒருத்தன் ஒருத்தனா போன் போட்டு, ஐயா, அண்ணேன்னு கெஞ்சிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உட்கார்ந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்த. தினமும் காலையில செத்த வண்டியில உட்கார்ந்திருந்தேன், டீ கொண்டுவந்து கொடுத்த. கிடைக்கும்னு சொன்ன. கிடைச்சப்ப நல்லதாப் போச்சுங்கன்னு சொன்ன. எப்படி உனக்கு வாய் வந்துச்சு?"

"எனக்கு மட்டும் இனிச்சுதா? நாப்பது நாளா ஒரு கவளம் ஒழுங்கா இறங்கல."

"எனக்கு இறங்குச்சு. நல்லா இறங்குச்சு. மூணு பேரும் சேர்ந்து என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க, நான் பைத்தியக்காரன் எரிச்சலே தெரியாம உட்கார்ந்திருக்கேன்."

அவள் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"எங்க இறங்கற? உட்காரு. காலை பிரேக்ல வை."

"இன்னும் மாட்டணுமா?"

"மாட்டணும். பாதியில விட்ட வேலைன்னு என் கணக்குல எதுவும் கிடையாது."

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர்கள் பேசியதெல்லாம் ஒற்றை எழுத்துகள்தான். கியர்பாக்ஸ் பக்கம் பழைய துண்டைக் கழற்றி எறிந்தார். காயலாங்கடைக் கேபிளைச் சைலன்சருக்கு மேலாக விட்டு, துளை வழியாக மேலே தள்ளினார். உள்ளே வந்த நுனியை அவள் பிடித்து, அவர் சொன்ன முளையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். மாட்டிக்கொண்டது. கீழே அவர் கியர்பாக்ஸில் இருந்த சின்ன இரும்புக் கையை நியூட்ரலுக்குத் திருப்பி வைத்தார்.

"என்."

அவள் பிரேக்கை மிதித்து லீவரை என்-னில் வைத்தாள். அவர் கேபிளை இழுத்துத் தொய்வில்லாமல் பிடித்து, பூட்டை அமுக்கினார்.

"பி." கீழே கை சரியாக விழுந்தது.

"ஆர்." விழுந்தது.

"டி."

ஒவ்வொரு எழுத்துக்கும் மேலே ஒரு சொடுக்கு, கீழே ஒரு சொடுக்கு. இடையில் ஒரு இழை கூட இழுபறி இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் டிரைவர் அடியில் இருந்தபடியே சீட்டி அடித்திருப்பார்.

வெளியே நகர்ந்து வந்து, படியில் உட்கார்ந்து செயற்கைக் காலை மாட்டினார். அவள் கை கொடுக்க வந்தாள். காரின் கதவைப் பிடித்து எழுந்தார். முக்காலிகளை எடுத்து ஜாக்கியை இறக்கி, சக்கரக் கற்களைத் தள்ளினார். கையைக் கூடக் கழுவவில்லை.

"எங்க போறீங்க?"

"அந்தப் பாவியைப் பார்த்து ஒரு வார்த்தை கேக்கணும்."

"போன்ல கேளுங்க. வேண்டாங்க. நானும் வர்றேன்."

"நீ வந்து முக்குக்கு முக்கு கத்தப் போறியா?"

அவள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் ஆர்-ல் போட்டுப் பின்பக்கமாகத் தெருவில் இறங்கிப் போனார்.

வண்டி வெண்ணெய் மாதிரி போயிற்று. பட்டறை ஒன்றரை மைல். முதல் இரண்டு தெருவும் அவருக்கு எந்தக் கஷ்டமும் தெரியவில்லை. இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார், எல்லாம் தெரிகிறதே. என்னவோ குருடனைப் போலப் பேசினாளே என்று வாய்விட்டே சொன்னார். பத்தாம் நம்பரிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கினார். கூடவே இருந்து குழி பறித்தாயே. கால் போனவனுக்குக் கால் கொடுத்தாய், கொடுத்ததை நீயே வந்து வெட்டினாய்.

மருந்துக்கடை முக்கு இல்லை; அதைத் தாண்டி, மரக்கடைக்கு எதிரே உள்ள சின்னச் சந்திப்பு. டிரைவர் வேகத்தைக் குறைத்தார், பார்த்தார், ஒன்றும் இல்லை, திருப்பினார். 'தடார்' என்று பானட்டில் ஒரு கை அறைந்தது.

பிரேக்கை மிதித்தார். வலது விளக்குக்கு ஒரு சாண் தள்ளி ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதன் கூடையிலிருந்த ரொட்டிகள் ஈர ரோட்டில் உருண்டிருந்தன. ஓட்டி வந்தவள் நடுத்தர வயசுப் பெண். அவள் கீழே விழவில்லை. ஒரு காலை ஊன்றி, ஒரு கையைப் பானட்டில் வைத்தபடி நின்றாள்.

"ஐயா, எவ்வளவு நேரமா மணி அடிச்சுக்கிட்டு வர்றேன்! கண்ணு தெரியுதா, இல்லையா?"

முப்பத்தோரு வருஷத்தில் ரோட்டில் யாராவது இப்படிக் கேட்டால் டிரைவரிடம் ஆயத்தமாகப் பத்து பதில் உண்டு. வாயைத் திறந்தார்.

"இல்லம்மா. தெரியல" என்றார்.

அந்தப் பெண் சண்டைக்குத் தயாராக நின்றவள், அதைக் கேட்டு அப்படியே அடங்கிவிட்டாள். அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தாள். ரொட்டிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. ஓரமா போடுங்க. நீங்க இதுக்கு மேல ஓட்டாதீங்க, வீட்ல யாரையாவது கூப்பிடுங்க."

மரக்கடையின் பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினார். லீவரை பி-க்குத் தள்ளினார். நச்சென்று விழுந்தது. போனை எடுத்தார். கூப்பிட்டால் ஓடி வருகிறவர்கள் என்று அவருக்கு இந்த உலகத்தில் மூன்று பேர்தான். மனைவி. மகள். பத்தாம் நம்பர். மூன்று பெயரையும் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அவர் கண்ணைப் பற்றி மூன்று பேரும் நினைத்தது சரிதான். அது தப்பாக இருந்திருந்தால் நாலு சத்தம் போட்டு, நாலு நாள் சாப்பிடாமல் இருந்து, ஒரு வழியாக மன்னித்துத் தொலைத்திருக்கலாம்.

போனைப் பையில் போட்டார். காரைப் பூட்டினார். வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

பாதி வழியில் போன் அடித்தது. பத்தாம் நம்பர். மனைவி சொல்லியிருப்பாள். மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார்.

"எங்க இருக்க டிரைவரே? பட்டறைக்கு வருவேன்னு வாசல்லயே நிக்கறேன். வா. வந்து நாலு அறை அறை. வாங்கிக்கறேன்."

"மணிக்கட்டு எப்படி இருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் டிரைவரே தொடர்ந்தார்.

"நல்ல வெட்டுடா. ஒரே அமுக்குல விழுந்திருக்கு. கை நடுங்கவே இல்லயே உனக்கு."

"நடுங்குச்சு. சத்தியமா நடுங்குச்சு."

"நேர்ல சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நீ வேற மெக்கானிக்கைப் பார்த்திருப்ப."

அது உண்மைதான். உண்மை என்பதால் டிரைவர் போனை வைத்துவிட்டார். அது திரும்ப அடித்தது. அணைத்தார்.

காரில் அஞ்சு நிமிஷத் தூரம். நடந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு கம்பத்தையோ சுவரையோ பிடித்து நின்றார். தெரிந்தவர்கள், "என்ன டிரைவரே, வண்டி இன்னும் சரியாகலயா?" என்று கேட்டார்கள். "ஆயிடுச்சு" என்றார். செயற்கைக் காலின் விளிம்பு தோலை அறுத்துக்கொண்டிருந்தது. நடுவில் தூறல் போட்டு விட்டது.

மனைவி வாசலிலேயே நின்றாள். அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் தெருமுனைக்கு ஓடினாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், சட்டையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"வண்டி எங்க?"

அவர் உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, வண்டியை எங்க விட்டுட்டு வந்தீங்க? மோதிட்டீங்களா? எதுவானாலும் சொல்லுங்க. சொல்லித் தொலைங்களேன்!"

"நல்லா இருக்கு. பத்திரமா இருக்கு."

"எங்க?"

"நாப்பது நாள் நீ சொல்லாம இருந்தல்ல?" என்றார். "நான் ஒரு நாள் இருந்துக்கறேன்."

சாவியை எடுத்து இருவருக்கும் நடுவில் கட்டிலில் வைத்தார். இனிமேல் அதை அவர் எடுக்கப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அதைத்தான் அவள் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிடைத்தபோது கை நீட்டி எடுக்க முடியவில்லை.

அவர் பேன்ட்டைச் சுருட்டி, செயற்கைக் காலைக் கழற்றினார். உறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. அவள் போய் வெந்நீரும் துணியும் களிம்பும் கொண்டுவந்தாள். நாலு வருஷமாக அந்தப் புண்ணுக்கு மருந்து போடுகிறவள் அவள்தான். அவர் பார்க்கக்கூட மாட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு காலை அவள் மடியில் போட்டுவிடுவார். வழக்கம்போல அவள் தரையில் உட்கார்ந்து, களிம்பின் மூடியைத் திருகிக்கொண்டு மடியை விரித்தாள்.

டிரைவர் குனிந்து அவள் கையிலிருந்து களிம்பை வாங்கிக்கொண்டார். வலது பக்கமாகத் தலையைத் திருப்பி, தெரிகிற பார்வைக்குள் புண்ணைக் கொண்டுவந்து, தானே தடவிக்கொள்ளத் தொடங்கினார்.